வீட்டை விற்கும் முன்: பெயின்ட் அடிக்காதீர்கள், பரிசோதனை செய்யுங்கள்

வீட்டை விற்பது என்று முடிவானதும் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை பெயின்ட் அடிப்பது. நானும் அதைத்தான் செய்தேன். படுக்கையறையின் மேற்கூரையில் மஞ்சள் வளையம் போல ஒரு கறை இருந்தது. அதன் மேல் இரண்டு பூச்சு. பார்க்க வந்தவர் கூடவே ஒரு பொறியாளரையும் அழைத்து வந்திருந்தார். அவர் ஈரப்பதம் அளக்கும் கருவியைச் சரியாக அந்த இடத்திலேயே வைத்தார். கருவி காட்டிக் கொடுத்துவிட்டது. கோளாறு என்னவோ சின்னக் குழாய்க் கசிவுதான், அரை நாள் வேலை. ஆனால் வந்தவர் அதற்குப் பிறகு எந்தச் சுவரைப் பார்த்தாலும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். திரும்பி வரவேயில்லை.

ஆகவே தூரிகையைக் கொஞ்ச நாள் பரணில் வைத்துவிட்டு, வீட்டின் குறைகளை முதலில் நீங்களே தேடுங்கள், பிறகு கட்டணம் கொடுத்து ஒரு வீட்டுப் பரிசோதகரைத் தேடச் சொல்லுங்கள். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: நாள் குறியுங்கள்

விளம்பரம் கொடுப்பதற்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. பழுது பார்க்க மட்டுமல்ல, சுவர் காயவும் நேரம் வேண்டும். கசிவை அடைத்த மறுநாளே ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். நல்ல மழை பெய்து ஓய்ந்த நாட்கள் பரிசோதனைக்கு ஏற்றவை. கோடையில் வாயை மூடிக்கொண்டிருக்கும் கூரை அப்போதுதான் பேசும்.

படி 2: முதலில் நீங்களே ஒரு சுற்று வாருங்கள்

இதற்குப் பணம் செலவில்லை. ஒரு பென்சில், டார்ச் விளக்கு, குறிப்பேடு போதும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வீட்டைக் கெடுப்பவற்றில் பாதிக்கு மேல் தண்ணீரின் கைவரிசை என்பது என் கணிப்பு. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. பிறகு பார்க்கும்போது எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்துவிட்டது, மாற்றுவது எளிது.

மேற்கூரையில் கறை இருந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். அடுத்த மழைக்குப் பின் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் கசிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஈரம் சுவருக்குள் ஊறி வெளியே வந்து காய்ந்திருக்கிறது. அது கரைத்துக் கொண்டுவந்த உப்புதான் அந்த வெள்ளை. நிலத்திலிருந்து ஏறும் ஓதமா, சுவருக்குள் ஓடும் குழாயா என்று கண்டுபிடிக்காமல் மேலே பூசுவது வீண். வெளியே போய், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். மண் சுவரை நோக்கிச் சரிந்திருந்தால் தண்ணீரை நாமே அஸ்திவாரத்துக்கு அனுப்பி வைக்கிறோம் என்று பொருள்.

அடுத்து விரிசல். எல்லா விரிசலுக்கும் நெஞ்சு பதற வேண்டாம். தலைமுடி போல மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருபவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகியும் இருப்பது, செங்கல் அடுக்கின் வழியே படிக்கட்டுப் போல ஏறுவது ஆகியவை வேறு ரகம்; கட்டடம் அசைவதைச் சொல்லக்கூடியவை. அருகிலுள்ள கதவும் நிலையில் உரசத் தொடங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. விரிசலின் இரு முனைகளிலும் தேதியோடு கோடு போட்டு வையுங்கள். அது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதே பரிசோதகர் கேட்கப்போகும் கேள்வி.

மின்சாரத்தில் நம் வேலை குறைவு. மின்கசிவைத் தடுக்கும் பிரேக்கரில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சுவிட்ச் சூடாக இருக்கிறதா, பிளக் அருகே கருகல் தெரிகிறதா என்று பாருங்கள். மெயின் பெட்டியைத் திறக்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது, நமதல்ல.

மர நிலைகளை விரலால் தட்டுங்கள். உள்ளே வெற்றாக ஒலித்தாலோ, சுவரோரம் மண் கோடு ஏறியிருந்தாலோ, கரையானாக இருக்கலாம்.

படி 3: பரிசோதகரைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே என் பிடிவாதம் ஒன்று உண்டு: பரிசோதிப்பவரே பழுதும் பார்ப்பவராக இருக்கக் கூடாது. குறை எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு வருமானம் என்ற நிலையில் யாருடைய கண்ணும் நேராகப் பார்க்காது. முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, உரிமையாளர் பெயரை மறைத்துவிட்டு, காட்டச் சொல்லுங்கள். கூரை மேல் ஏறுவாரா, அறிக்கையில் படங்கள் இருக்குமா, எவையெல்லாம் சேராது என்றும் கேளுங்கள். அவர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். கண்ணுக்கும் கருவிக்கும் எட்டியதை மட்டுமே சொல்வார். கரையான், நிலத்தடிக் கழிவுக் குழாய் போன்றவற்றுக்குத் தனி ஆள் தேவைப்படலாம்.

படி 4: அன்றைய தினம்

மின்சாரமும் தண்ணீரும் ஓட வேண்டும். பூட்டிய அறைகளைத் திறந்து, மெயின் பெட்டிக்கும் பரணுக்கும் போகும் வழியை ஒழித்து வையுங்கள். நடுத்தர வீட்டுக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் பிடிக்கும். கூடவே நடங்கள்; வாதாடாதீர்கள். பென்சில் கோடுகளைக் காட்டுங்கள்.

படி 5: அறிக்கையைப் பிரித்துப் படியுங்கள்

பல பக்கங்கள் வரும். முதல் முறை படிக்கும்போது வீடே இடிந்து விழப்போவது போலத் தோன்றும். பயப்படாமல் மூன்றாகப் பிரியுங்கள். உயிருக்கு ஆபத்தானவை (மின்கசிவு, எரிவாயுக் கசிவு, ஆடும் மாடிப்படிக் கைப்பிடி) உடனே சரிசெய்ய வேண்டியவை. நீர் நுழையும் வழிகளும் கட்டட அசைவும் அடுத்தவை. அசைவு என்று எழுதியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரின் கருத்து இல்லாமல் கை வைக்காதீர்கள். தளர்ந்த கதவுக் கைப்பிடி, கீறல் விழுந்த தரை ஓடு எல்லாம் கடைசி. பெரிய செலவாக வரும் ஒன்றைச் சரிசெய்யாமல், இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, விலையில் கழித்துக் கொடுப்பதும் ஒரு வழிதான். சமையலறையைப் புதுப்பிக்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். வாங்குபவர் எப்படியும் தம் விருப்பப்படி மாற்றுவார்.

படி 6: கோப்பு

வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ரசீதுகள், உத்தரவாதச் சீட்டுகள், அறிக்கை, எல்லாம் ஒரே உறையில். தெரிந்துகொண்ட குறையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டால், பின்னாளில் வழக்காக மாறலாம். என்னென்ன சொல்லியாக வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள். வாங்குபவர் தம் பங்குக்கு வேறொரு பரிசோதகரை அழைத்து வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் உறையை அவர் கையில் கொடுத்துவிட்டு, டார்ச் விளக்கு வேண்டுமா என்று கேளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, தாராளமாகப் பெயின்ட் அடிக்கலாம்.