கம்மி காசுல ஒரிஜினல் ஓவியம் வாங்கலாம், ஆனா பிரேம் கடையில உஷாரா இருங்க

எங்க வாடகை வீட்டு ஹால்ல ரொம்ப நாளா ஒரு ஆணி சும்மா இருந்துச்சு. முன்னாடி குடியிருந்தவங்க அடிச்சது. ஹவுஸ் ஓனர் புதுசா ஆணியே அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டதால அந்த ஒத்த ஆணிக்கு எங்க வீட்ல தனி மரியாதை. அதுல மாட்ட ஆன்லைன்ல ஒரு யானை படம் வாங்கினேன், கேன்வாஸ் பிரிண்ட், 2,400 ரூபா. அடுத்த மாசம் பல் வலின்னு ஒரு கிளினிக் போனா ரிசப்ஷன்ல அதே யானை, அதே தும்பிக்கை. சரி, இதே காசுக்கு ஒரு ஆளு கையால பண்ணதையே வாங்க முடியாதான்னு அன்னைக்கு தேட ஆரம்பிச்சதுதான். முடியுது. இப்போ வீட்ல நாலு இருக்கு, எதுவும் 4,000 தாண்டல. அதுல ஒண்ண நானே கெடுத்து வெச்சேன், அது படி 5ல வரும், அவசரம்னா நேரா அங்க போயிடுங்க.

நான் சென்னைக்காரி, அதனால இடமெல்லாம் சென்னைதான். மத்த விஷயம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

படி 1: எங்க போறது

கேலரின்னா ஏசி போட்டு வெச்சிருப்பாங்க, நம்ம செருப்பைப் பார்ப்பாங்கன்னு எனக்கும் பயம் இருந்துச்சு. முதல்ல போனது கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி. ஓவியர்களே ஹாலை வாடகைக்கு எடுத்து அவங்க வேலையை வைப்பாங்க, நாம பாட்டுக்கு உள்ள போயி சுத்திப் பார்த்துட்டு வரலாம், யாரும் என்ன வேணும்னு கேட்கல. முக்கால்வாசி நேரம் ஓரமா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கறவர்தான் அந்தப் படத்தையெல்லாம் போட்டவரா இருப்பார்.

அடுத்து ஈசிஆர்ல இஞ்சம்பாக்கம் சோழமண்டலம். 1966ல கே.சி.எஸ். பணிக்கரும் அவர்கூட இருந்த ஓவியர்களும் ஆரம்பிச்ச கிராமம், பெயின்டிங் வித்து மட்டும் வயிறு நிறையாதுன்னு பாத்திக் (துணியில மெழுகு வெச்சு சாயம் போடறது) மாதிரி கைவினை வேலை பண்ணி வித்து, அந்தக் காசுல நிலம் வாங்கி குடியேறினவங்க. அங்க மியூசியத்துல மாட்டியிருக்கற பெரிய பேருங்க படம் நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது, ஆனா கண்ணு பழகறதுக்கு அதைவிட நல்ல இடம் இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளி முட்டுக்காடு தக்ஷிணசித்ரா, அங்கயும் கண்காட்சி நடக்கும், டிக்கெட் உண்டு.

என் ஃபேவரைட் ஸ்டூடன்ட்ஸ் கண்காட்சிதான். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி 1850ல ஆரம்பிச்சது, மெரினாவுல இருக்கற உழைப்பாளர் சிலையை செஞ்ச ராய் சவுத்ரி அங்க பிரின்சிபாலா இருந்தவர். அப்படிப்பட்ட இடத்துல படிக்கற பசங்க லினோகட்டு, எட்சிங்னு (ரெண்டும் கையால அச்சடிக்கற முறை, படி 2ல வரும்) பண்ணி வெச்சிருப்பாங்க, நான் பார்த்தவரைக்கும் 800லருந்து 2,500க்குள்ள கிடைச்சுது. கும்பகோணத்துலயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு, டெல்டா பக்கம் இருக்கறவங்க அங்க பாருங்க.

இன்ஸ்டாகிராம்ல வாங்கலாமான்னா வாங்கலாம், ஆனா முதல் படத்தை நேர்ல வாங்குங்க. போன்ல எல்லாமே ஒரே சைஸ், ஒரே பளபளப்பு, பேப்பர் எப்படின்னே தெரியாது.

படி 2: இது எந்த வகை பிரிண்ட்டு

இங்கதான் காசு போகும், நிதானமா படிங்க.

பிரிண்ட்னு சொன்னதும் ஜெராக்ஸ்னு நினைக்காதீங்க. ஓவியர் அவர் கையால லினோலியத்துலயோ (லினோகட்) மரத்துலயோ (உட்கட்) செதுக்கி, இல்ல செப்பு, துத்தநாகத் தகட்டுல கீறி ஆசிட்ல அரிச்சு (எட்சிங்), மை தடவி, பேப்பரை வெச்சு பிரஸ்ல அழுத்தி எடுக்கறாரு பாருங்க, அது ஒவ்வொண்ணும் ஒரிஜினல்தான். அதுக்கு முன்னாடி தனியா பெயின்டிங்னு ஒண்ணு கிடையாது. இன்னொண்ணு, ஒரு பெயின்டிங்கை ஸ்கேன் பண்ணி இங்க்ஜெட்ல நல்ல பேப்பர்ல அடிக்கறது. அது காப்பி. காப்பி வாங்கறது தப்பில்ல, எங்கிட்டயே ஒண்ணு இருக்கு, 450 ரூபா, அதுவும் அந்தப் பெயின்டிங்கை போட்ட பொண்ணுகிட்டயே நேர்ல வாங்கினது. காப்பியை எட்சிங் விலைக்கு வாங்கறதுதான் தப்பு. அதையும் பண்ணியிருக்கேன், ஒரு கடையில லிமிடெட் எடிஷன்னு சொன்னதும் வாயைப் பொளந்து 3,800 குடுத்துட்டு வந்தேன்.

கண்டுபிடிக்க ஒரு லென்ஸ் போதும். நகைக்கடையில கண்ணுல சொருகி கல்லு பார்ப்பாங்களே, அந்த பத்து மடங்கு லென்ஸ், இருநூறு ரூபாய்க்குள்ள ஒண்ணு வாங்கி ஹேண்ட்பேக்ல போட்டுக்கோங்க. வெச்சுப் பார்த்தா கலர் கலரா பொடிப்பொடி புள்ளியா தெரிஞ்சா அது மெஷின்ல அடிச்சது. லினோகட்னா மை ஒரே சீரா, கொஞ்சம் தடிப்பா உக்காந்திருக்கும், உட்கட்னா சில சமயம் மரத்தோட ரேகையே தெரியும். எட்சிங்னா படத்தைச் சுத்தி தகடு அழுந்துன பள்ளம் ஒரு சட்டம் மாதிரி இருக்கும், பேப்பரைச் சாய்ச்சுப் பிடிச்சா வெளிச்சத்துல நல்லா தெரியும்.

கீழ பென்சில்ல எழுதியிருக்கறதையும் பாருங்க. வலது பக்கம் கையெழுத்து, இடது பக்கம் 7/30 மாதிரி நம்பர். மொத்தம் முப்பது போட்டதுல இது ஏழாவது நம்பர்னு அர்த்தம். ஏ.பி.ன்னு (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) எழுதியிருந்தா ஓவியர் தனக்குன்னு எடுத்து வெச்ச பிரிண்ட், அதையும் தாராளமா வாங்கலாம். 1/30க்கு 29/30ஐ விட மவுசு ஜாஸ்தின்னு யாராவது அதிக விலை சொன்னா நம்பாதீங்க, லினோகட்ல பெருசா வித்தியாசம் வராது. ஆசிட் இல்லாம தகட்டுல ஊசியால நேரா கீறற டிரைபாயின்ட் மட்டும் விதிவிலக்கு, தகட்டுல கீறின பிசிறு பிரஸ்ல நசுங்க நசுங்க கோடு மங்கிடும், அதுல முதல்ல எடுத்தது நல்லாருக்கும். இன்னொரு விஷயம், நம்பரும் பென்சில் கையெழுத்தும் இருக்கறதால மட்டும் ஒரிஜினல் ஆகிடாது. என் 3,800 ரூபா காப்பியிலயும் ரெண்டும் அழகா இருந்துச்சு.

படி 3: விலை கேக்கறது

நேரா கேளுங்க. "தம்பி, இது என்ன விலைப்பா, எத்தனை பிரிண்ட் போட்டிருக்கீங்க?" அவ்ளோதான். கோயம்பேடு மாதிரி பேரம் பேசாதீங்க ப்ளீஸ். பிடிச்சிருக்கு, காசு பத்தலைன்னா, "இதே மாதிரி சின்ன சைஸ்ல இருக்கா, ஸ்கெட்ச் ஏதாவது குடுப்பீங்களா, ரெண்டு தவணையில தரவா"ன்னு கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா வழி சொல்வாங்க. என்கிட்ட இருக்கற பார்க் டவுன் வாட்டர்கலர் அப்படி வந்ததுதான், பெரிய படத்துக்கு முன்னாடி போட்டுப் பார்த்த ஸ்டடி, எனக்கு என்னமோ பெருசைவிட இதுதான் உயிரோட்டமா தெரியுது.

கேலரியில பார்த்துட்டு வெளிய வந்து ஓவியருக்கு மெசேஜ் போட்டு தனியா கம்மி விலைக்கு கேக்கற வேலை வேண்டாம். விலையில பாதி வரைக்கும் கூட கேலரி கமிஷனா போகும், உண்மைதான், ஆனா அப்புறம் அந்த இடத்துல அவருக்குத்தான் கெட்ட பேரு.

பில்லு, இல்லைன்னா ஒரு துண்டுச் சீட்டுலயாவது பேரு, தலைப்பு, என்ன முறை, என்ன பேப்பர், வருஷம், நம்பர் எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. இது எவ்ளோ முக்கியம்னு எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது.

படி 4: வீட்டுக்கு கொண்டு வர்றது

சுருட்டாதீங்க. ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு டேப் போட்டு எடுத்துட்டு வாங்க. சுருட்டித்தான் குடுத்தாங்கன்னா ரப்பர் பேண்ட் போடாதீங்க.

படி 5: பிரேம்

என் முதல் லினோகட்டு 1,500 ரூபா, காசிமேட்டுல வலை பின்ற ஒரு அம்மா, கறுப்பு வெள்ளை. ஆசையா எடுத்துட்டுப் போயி தெரு முனையில இருக்கற பிரேம் கடையில குடுத்தேன். அண்ணன் நல்ல மனுஷன், "நாளைக்கு சாயங்காலம் வாங்க மேடம், நீட்டா பண்ணி வெக்கறேன்"னார். நீட்டாத்தான் பண்ணியிருந்தார். சுத்தி இருந்த வெள்ளை ஓரம் நாலையும் வெட்டி எடுத்துட்டு, ஹார்ட்போர்டு மேல பசை தடவி ஒட்டி, கண்ணாடியை அப்படியே மேல வெச்சு அமுக்கி, பின்னாடி பேப்பர் ஒட்டிக் குடுத்தார். ஓரத்தோட சேர்ந்து கையெழுத்தும் நம்பரும் குப்பைக்கூடைக்குப் போயிடுச்சு. "பென்சில்ல ஏதோ கிறுக்கியிருந்துச்சு மேடம், அதையும் எடுத்துட்டேன்"னு பெருமையா வேற சொன்னார்.

அவரைத் திட்டி என்ன பண்றது, காலம்பூரா காலண்டர்ல வர்ற முருகனையும் லட்சுமியையும் தேதி பார்ட்டை வெட்டிட்டு பிரேம் போட்டுக் குடுத்தவர், அவர் தொழில்ல ஓரம்னா கழிவு. நான்தான் சொல்லியிருக்கணும். அதனால இப்போ கடைக்குப் போனா இதையெல்லாம் வாயால சொல்லி, பில்லுலயும் எழுத வெக்கறேன்:

"அண்ணா, ஓரத்தை வெட்டக் கூடாது." எத்தனை பெரிய வெள்ளை ஓரமா இருந்தாலும் சரி.

"பசை வேண்டாம், டேப் வேண்டாம்." பேப்பர் மழைக்காலத்துல ஈரத்தை இழுத்து விரியும், வெயில்ல சுருங்கும், முழுசா ஒட்டிட்டா அதுக்கு நகர இடம் இல்லாம அலை அலையா எழும்பிடும். செல்லோ டேப்பு, பிரவுன் டேப்பு ரெண்டும் சில வருஷத்துல டீக்கறை மாதிரி இறங்கும். சரியான முறைன்னா மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு இடத்துல மெல்லிசு ஜப்பான் பேப்பரை ஸ்டார்ச் பசையில ஒட்டித் தொங்கவிடறது. நம்ம பிரேம் கடையில அதுக்கு ஆள் கிடைக்கல, அதனால பழைய போட்டோ ஆல்பத்துல வருமே, நாலு மூலையில சொருகற கார்னர், அதை நானே வாங்கிட்டுப் போயிடறேன். சின்னப் படத்துக்கு அதுவே தங்கம், படத்துமேல ஒரு சொட்டு பசை படாது.

"மவுன்ட் கண்டிப்பா வேணும்." ஜன்னல் மாதிரி வெட்டின தடி அட்டை. அழகுக்குன்னுதான் நானும் நினைச்சேன். அது இல்லைன்னா கண்ணாடி நேரா பேப்பர்ல படும், நம்ம ஊரு புழுக்கத்துக்கு உள்ள ஈரம் கோத்து பூஞ்சை வரும், மை கண்ணாடியில ஒட்டிக்கும். என் வலை பின்ற அம்மா நெத்தியில ரெண்டாவது மழைக்காலத்துல சாம்பல் கலர்ல பொட்டு வந்துச்சு. ஆசிட் இல்லாத அட்டைன்னு கேளுங்க, எனக்கு 300 ரூபா எக்ஸ்ட்ரா ஆச்சு, படத்துக்கு 1,500 குடுத்துட்டு இதுல மிச்சம் பிடிக்காதீங்க. படத்துக்குப் பின்னாடியும் அதே அட்டைதான், பேப்பர்ல ஹார்ட்போர்டு படக் கூடாது. பழைய நியூஸ்பேப்பரை உள்ள வெக்க விடவே விடாதீங்க, அது மஞ்சளாகறப்போ கூட இருக்கறதையும் மஞ்சளாக்கிட்டுத்தான் போகும்.

கண்ணாடியா அக்ரிலிக்கானு கேட்டா நான் கண்ணாடி கட்சி. அக்ரிலிக் கீறல் விழும், அதுவும் சார்கோல், பேஸ்டல் படத்துக்கு வேண்டவே வேண்டாம், ஸ்டாட்டிக்ல பொடியை இழுத்துக்கும். ரொம்பப் பெரிய படம், வீட்ல குழந்தை இருக்குன்னா மட்டும் அக்ரிலிக்.

வெட்டின கதையை அந்த லினோகட்டு பண்ண தம்பிகிட்ட கூச்சத்தோட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் சிரிச்சுட்டு, "அக்கா, சீட்டுல எழுதித் தர்றேன், பின்னாடி வெச்சுக்கோங்க"ன்னான். படி 3ல சொன்ன துண்டுச் சீட்டு அப்படி வந்த புத்திதான்.

படி 6: மாட்டறது

வெயில் நேரா படற சுவர் வேண்டாம், வாட்டர்கலர் வெளுத்துடும். மழையில ஓதம் ஏறுற வெளிச்சுவரும் வேண்டாம். வேற வழியில்லைன்னா பிரேம் பின்னாடி கீழ் மூலை ரெண்டுலயும் கார்க் துண்டு ஒட்டுங்க, சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். ஒட்டற ஹூக்கை நம்பி கண்ணாடி பிரேமை மாட்டாதீங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா ஹூக்கு சுண்ணாம்போட சேர்ந்து வந்துடும். எங்க வீட்ல ஒண்ணு ஆணியில, மிச்ச மூணும் புக் ஷெல்ஃப் மேல சாய்ஞ்சு நிக்குது.

அப்டேட்: ரெண்டு பேரு தஞ்சாவூர் பெயின்டிங் பத்திக் கேட்டிருந்தீங்க. அது வேற கணக்கு, பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவையில மேடு கட்டி, தங்க ரேக்கு ஒட்டறது. நிஜத் தங்க ரேக்கான்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, போலி ரேக்கு போகப் போகக் கறுத்துடும். 2,000க்கு பெரிய சைஸ் கிடைக்குதுன்னா சந்தேகப்படுங்க.

இன்னொரு அப்டேட்: வாங்கின படத்தை போட்டோ எடுத்து கடை டி-ஷர்ட்ல போடலாமான்னு ஒருத்தர். கூடாதுங்க. நாம வாங்கறது அந்தப் பேப்பரை மட்டும்தான், காப்பிரைட் ஓவியர்கிட்டயே இருக்கும், எழுத்துல எழுதிக் குடுத்தாதான் மாறும். வேணும்னா அவர்கிட்டயே கேளுங்க, தனியா ஒரு ரேட் சொல்வார்.

மூணாவது: ஏற்கனவே ஒட்டிட்டாங்க, பிச்சு எடுக்கலாமான்னு கேட்டவங்களுக்கு, தயவுசெஞ்சு தண்ணி தொட்டு உரிக்காதீங்க. நான் ஒரு மூலையில முயற்சி பண்ணேன். இப்போ அந்த அம்மாவுக்கு வலையில ஒரு பக்கம் இல்ல.