உபுண்டுவில் வைஃபை வரவில்லையா? முதலில் சிப் என்னவென்று பாருங்கள்

உபுண்டு போட்டு முடித்தாயிற்று, எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை குறியை மட்டும் காணோம். லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் மனம் வெறுத்துத் திரும்புவது இந்த இடத்தில்தான். திரும்ப வேண்டாம். பெரும்பாலும் இது அரை மணி நேர வேலை.

லேப்டாப்பின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். உள்ளே இருக்கும் வைஃபை சிப் எது என்பதுதான் கேள்வி. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி அடாப்டரையே பாருங்கள். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏத்தரோஸ் சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். மாடல் பெயர் ஒன்றுதான், ஆனால் டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) வேறு. ஒருவருக்கு வேலை செய்த வழி இன்னொருவருக்குப் பலிக்காமல் போவது இதனால்தான்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: போனிலிருந்து இணையம்

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலுக்குச் சார்ஜர் கேபிளே போதும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். உபுண்டு அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

படி 2: சிப்பைக் கண்டுபிடிப்பது

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று அடியுங்கள். யூஎஸ்பி அடாப்டர் என்றால் 'எல்எஸ்யூஎஸ்பி'; அதில் பெயரும் எண்ணும் மட்டும் வரும். முதல் கட்டளைக்கு வருகிற நீண்ட பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். சிப்பின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சிப்பை இயக்க எந்த டிரைவரும் முன்வரவில்லை என்று பொருள்.

வரி இருந்தும் வைஃபை வராவிட்டால் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடுவது. ஃபர்ம்வேர் சிப்புக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' என்று அடித்து ('சூடோ'வுக்கு எழுத்துகள் எஸ், யூ, டி, ஓ), ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி வருகிறதா பாருங்கள்.

படி 3: சிப்புக்கு ஏற்ற மருந்து

இன்டெல் என்றால் கவலை குறைவு. டிரைவர் கெர்னலிலேயே உண்டு, ஃபர்ம்வேர் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' பொதியில் வருகிறது. சிப் புதிது, உபுண்டு பழையது என்றால் உபுண்டுவைப் புதுப்பியுங்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் 12ஆம் பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் திறமூலமல்லாத ஃபர்ம்வேரும் நிறுவியோடு சேர்ந்து வருகிறது.

பிராட்காம்தான் கொஞ்சம் பாடுபடுத்தும். அதன் பழைய சிப்புகளுக்கான பி43 டிரைவரை, தன்னார்வலர்கள் நிறுவனத்தின் மூடிய டிரைவரை (மூலநிரல் வெளியிடப்படாதது) ஆராய்ந்து பார்த்தே எழுதினார்கள். 2008இல் கெர்னல் 2.6.24இல் அது சேர்ந்தது. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வணங்கத் தோன்றும். பிசிஎம்43142 போன்ற சில சிப்புகளுக்கு மட்டும் நிறுவனத்தின் மூடிய டிரைவர்தான் வழி. 'அடிஷனல் டிரைவர்ஸ்' செயலியைத் திறந்து, பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, 'அப்ளை சேஞ்சஸ்' அழுத்துங்கள். பிறகு ரீஸ்டார்ட். யாரோ சொன்னார்கள் என்று இதோடு பி43 ஃபர்ம்வேரையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒரு சிப்புக்கு ஒரு டிரைவர் போதும்.

படி 4: செக்யூர் பூட்

டிரைவர் ஏறியும் பலன் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே ஏற்கும் பாதுகாப்பு ஏற்பாடு செக்யூர் பூட். அது ஆனில் இருந்தால், டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்த வேண்டும், விட்டால் திரை போய்விடும். 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'எஸ்' என்று போய், அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

படி 5: சுவிட்ச்

டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டும் சரியாக இருந்தால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடித்துப் பாருங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்: எஸ்' என்றால் 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்ட் பிளாக்ட்: எஸ்' என்றால் எந்தக் கட்டளையும் உதவாது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் மூன்று முறை உபுண்டுவை அழித்துப் போட்டுவிட்டு லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தான். அதன் விளிம்பில், ஹெட்போன் துளைக்குப் பக்கத்தில், நகத்தால் நகர்த்தும் அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. நகர்த்தியதும் ஆரஞ்சு விளக்கு நீலமானது, வைஃபை பட்டியல் வந்துவிட்டது.

மூடிய டிரைவர் போட்டவர்களுக்கு ஒன்று: கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த டிரைவர் மறுபடி கம்பைல் ஆக வேண்டும், அதாவது புதிய கெர்னலுக்கு ஏற்றபடி உருவாக வேண்டும். அதற்கு 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' பொதி இருக்க வேண்டும். இன்றைக்கே அதை நிறுவிவிடுங்கள், டெதரிங் கேபிள் இன்னும் செருகித்தானே இருக்கிறது.