அலையாத்திக் காட்டில் ஒரு படகு நாள்: நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். தை பிறந்துவிட்டால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிற உறவுக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் கூட்டிட்டுப் போறியா?" இதுவரை பத்து தடவைக்கு மேல் கூட்டிப் போயிருக்கிறேன். உருப்படியாக அமைந்தது நாலைந்து முறைதான். மற்ற நாட்களில் சேற்றில் மாட்டினோம், ஒரு கொக்குகூடப் பார்க்காமல் திரும்பினோம், வெயிலில் வதங்கினோம். கெட்டுப்போன நாட்களை எல்லாம் சேர்த்து யோசித்தால் பெரும்பாலும் ஒரே காரணத்தில்தான் வந்து நிற்கிறது. நாங்கள் எங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினோம், தண்ணீரின் நேரத்தைக் கேட்கவில்லை.

"காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படகு" என்று வீட்டிலேயே முடிவு செய்வதில் தொடங்குகிறது வினை. கோரையாறு, பாமணியாறு போன்ற ஆறுகள் வந்து சேரும் முத்துப்பேட்டைக் காயல் பார்க்கத்தான் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இன்றைக்கு வந்த ஏற்றம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். ஆகவே போன வாரம் போய்வந்த நண்பர் "பத்து மணிதான் சரியான நேரம்" என்று சொன்னால் அது அவருடைய நாளுக்கு மட்டும்தான் சரி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அட்டமி, நவமிப் பக்கம் இரண்டும் மந்தமாக இருக்கும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ராகுகாலத்தைத் தேடிப் பார்க்கிறோம், அதே தாளில் இருக்கும் திதியை விட்டுவிடுகிறோம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. படகுக்கு ஏற்றம் நல்லது, பறவை பார்க்க வற்றம் நல்லது. தண்ணீர் வடிந்து சேற்றுத் திட்டு வெளியே தெரிந்தால்தான் உள்ளான் என்கிற கரைப்பறவைகள் இறங்கிப் புழு, நண்டு கொத்தும். நன்றாக ஏறிய தண்ணீரில் போனால் பச்சைக் காடும் தண்ணீரும் மட்டும்தான் கண்ணில் படும். எங்களுக்கு ஒத்துவந்தது இது: வற்றம் முடிந்து தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கும் நேரத்துக்குக் காயலை எட்டுகிற மாதிரி கிளம்புவது. போகும்போது திட்டுகளில் பறவை இருக்கும். எங்காவது தரை தட்டினாலும் ஏறுகிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் படகைத் தூக்கிவிட்டுவிடும். வடிகிற தண்ணீரில் தரை தட்டினால் தொலைந்தோம், அடுத்த ஏற்றம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை அப்படி மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். படகோட்டி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? நேரத்தைப் பிடிவாதமாகச் சொன்னது நாங்கள்தானே. அதனால் "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்காதீர்கள். "அண்ணே, அன்னைக்கு வற்றம் எப்போ?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் உங்களிடம் பேசும் விதம் மாறிவிடும்.

முத்துப்பேட்டையில் ஜாம்பவானோடையிலிருந்துதான் படகு. வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அதைச் செய்யாமல் குடும்பத்தோடு நேரே போய் நின்றுவிட்டு, கடைசியில் தர்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது பருவம். வலசைப் பறவைகள் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை இருக்கும் என்று படித்துவிட்டுத் தீபாவளி விடுமுறையில் வந்து நிற்கிறார்கள். பறவை இருக்கும், சரி. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அதே நேரத்தில்தான். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது 2018 நவம்பர் 16 அதிகாலையில். அந்தக் காற்றில் இந்தக் காடு வாங்கிய அடி கொஞ்சமல்ல. சித்திரையில் வந்தால் வேறு கதை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடிவிடுவார்கள், அதன் பிறகு ஆற்றில் வரும் நல்ல தண்ணீர் மெல்லக் குறைந்து, வெயில் ஏற ஏறக் காயல் உப்பாகும், பறவைகளும் கிளம்பிவிடும். என்னைக் கேட்டால் பொங்கல் கழிந்த பிறகு மாசி வரை, அதுவும் வார நாள். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டவே வேண்டாம். அன்றைக்குக் காட்டில் மனிதனைத் தவிர வேறு பிராணி எதுவும் தென்படாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பதும் தவறுதான். பிச்சாவரம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே. முத்துப்பேட்டை டெல்டாவின் தெற்குக் கோடி. இரண்டையும் ஒரே நாளில் கோத்தால் பொழுது சாலையிலேயே போய்விடும். இரண்டும் ஒரே மாதிரியான காடும் அல்ல. பிச்சாவரத்தில் குறுகலான வாய்க்கால்களுக்கு மேல் மரங்கள் கூரைபோல் கவிந்திருக்கும், சுரபுன்னையின் விதைகள் முருங்கைக்காய் போலத் தொங்கும். அங்கே மோட்டார் படகு எடுத்தால் அகலமான தண்ணீரில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அந்தக் கூரைக்குள் நுழைய வேண்டுமானால் துடுப்புப் படகுதான். முத்துப்பேட்டை வெட்டவெளி, பெரும்பாலும் அலையாத்தி மரம். இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேரில் ஏறும் உப்பை அந்த மரம் இலை வழியாகத் தள்ளுகிறது. ஆனால் எந்த மரம் என்று தெரியாமல் இலையைக் கிள்ளாதீர்கள். தில்லை மரமும் இதே காட்டில்தான் வளர்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அந்த மரத்தால்தான். பூநாரைக் கூட்டமும் வெளிமானும்தான் ஆசை என்றால் படகையே மறந்துவிட்டுக் கோடியக்கரைக்குக் காரில் போங்கள்.

இன்னொரு வகை ஆட்கள் டால்பின் கேட்பார்கள். கடற்பசு கேட்பவர்களும் உண்டு. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அதைச் செய்தியில் பார்த்துவிட்டு அந்தக் கடலோரத்து மனோரா கரையில் நின்று "எப்போ வரும்?" என்று என் அத்தை மகன் கேட்டான், ஏதோ பஸ் கேட்பது மாதிரி. கடற்பசு கடலுக்கடியில் புல் மேய்கிற கூச்ச சுபாவி. மூச்சு விட மேலே வந்தால் மூக்கு மட்டும் ஒரு நொடி தெரியும். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர்களே எப்போதோ ஒருமுறைதான் பார்த்ததாகச் சொல்வார்கள். காட்டித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, குளியலுக்கு வருவோம். விஷயம் இங்கேதான் கனமாக இருக்கிறது.

படகு நின்றவுடன் தொப்பென்று குதிப்பது. இதைவிடப் பெரிய தவறு எதுவும் இல்லை. என் மச்சான் ஒருவர், நீச்சலில் கெட்டிக்காரர், முத்துப்பேட்டையில் அப்படிக் குதித்தார். தண்ணீர் தொடையளவுதான். அதற்குக் கீழே முழங்கால் வரை களி. ஒரு காலை இழுக்க இன்னொரு கால் இன்னும் இறங்கியது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்ததைப் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். படகோட்டி அவசரப்படாமல் படகு தள்ளும் கழியைக் குறுக்கே நீட்டி, "தம்பி, நிக்காதீங்க, அப்படியே பின்னால சாஞ்சு மிதக்கிற மாதிரி படுங்க" என்றார். உடம்பின் பாரம் பரவியதும் கால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செருப்பு இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

சேறு மட்டும் என்றால் பரவாயில்லை. அலையாத்தியைச் சுற்றி மூச்சுவேர்கள் பென்சில் நட்டு வைத்தது மாதிரி நிற்கும், ஏற்றத்தில் அவை தண்ணீருக்குள் மறைந்திருக்கும். உடைந்த சிப்பி ஓடு பிளேடு மாதிரி அறுக்கும். கெளுத்தி முள், திருக்கை வால் இரண்டும் வேறு. மீன்பிடிக்கிறவர்கள் இந்தத் தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்க மாட்டார்கள், தரையோடு இழுத்து இழுத்து நடப்பார்கள். சத்தம் கேட்டுத் திருக்கை விலகிவிடும், மேலே மிதித்தால்தான் அடிக்கும். அப்படி அடித்துவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி குறையும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம்.

முகத்துவாரத்தில் மணல் வெள்ளையாகத் தெரிந்து ஆசை காட்டும். அங்கே வற்ற நேரத்தில் இறங்கவே கூடாது. காயல் முழுக்கத் தேங்கிய தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்கு வடிகிறது. மேலே அலைகூட இருக்காது, அடியில் இழுப்பு இருக்கும். எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். நாங்கள் வைத்திருக்கும் விதி எளிது: படகோட்டி முதலில் இறங்கி நின்று காட்டாத இடத்தில் யாரும் இறங்குவதில்லை, அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று வாதாடுவதில்லை. லைஃப் ஜாக்கெட் குழந்தைக்குப் பெரிதாக இருந்தால் தண்ணீரில் அது மட்டும் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவும். கரையிலேயே போட்டு, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் வேறு கேளுங்கள்.

கொள்ளிடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அணைக்கரையில் தொடங்கிச் சிதம்பரம் பக்கம் வரை கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது. கதை இல்லை, உண்மை. வெள்ளம் வரும்போது அவை வாய்க்கால், குளம் என்று பரவிவிடும். வனத்துறை பிடித்துக்கொண்டுபோய் வக்காரமாரி ஏரியில் விடுவதும் வழக்கமாக நடக்கிறது. குளிக்கப் போனவர்களையும் மாட்டையும் இழுத்த சம்பவங்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை. "நாங்க காவிரியில குளிச்சே வளர்ந்தவங்க" என்பது அங்கே செல்லாது. அது போக, மேலே அணையின் கதவைத் திறந்தால் உபரித் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்தில்தான் வரும்.

பறவை, விலங்கு பார்ப்பதற்கு வருவோம். பெரும்பாலோர் செய்வது, கையில் செல்போனை நீட்டிக்கொண்டு படகின் முனையில் எழுந்து நிற்பது, பக்கத்தில் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. பறவை தூரத்திலேயே எழுந்து போய்விடும். இஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போன மாசியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, எதிர்த் திட்டில் கட்டை என்று நினைத்த ஒன்று எழுந்து நடந்தது. நரி. வற்றத்தில் வெளியே வந்த நண்டைத் துரத்தி, முன்னங்காலால் அமுக்கி, கொடுக்கு மூக்கில் கவ்வியதும் தலையை உதறி, பிறகு கடக்கென்று மென்றது. அந்தச் சத்தம் எங்கள் படகுவரை கேட்டது. கூட வந்த எட்டு வயசுப் பிள்ளை மூச்சுகூட விடவில்லை. செல்போனில் எடுத்த படத்தில் ஒரு பழுப்புப் புள்ளி மட்டும் இருக்கிறது.

திட்டுகளில் இறங்கி நடப்பதும் வேண்டாம். காட்டுக்கு நடுவே நேர்கோட்டில் வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்கமும் கிளை பிரித்து, மீன்முள் மாதிரி விட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மொத்தமாக மரம் வெட்டியதில் தரை பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறிச் செத்துப்போன இடங்கள் அவை. ஏற்றத் தண்ணீர் உள்ளே போய்வருவதற்காக வாய்க்கால் வெட்டிக் கன்று வைத்திருக்கிறார்கள். செல்ஃபிக்காக நாம் கால் வைக்கும் இடத்தில்தான் அந்தக் கன்று விரலளவு நிற்கும்.

யாரும் எழுதாத ஒன்று: படகில் கழிப்பறை கிடையாது. இதற்குப் பயந்தே வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர, மதியத்துக்குள் தலைசுற்றல். என் சித்திக்கு ஒருமுறை மயக்கமே வந்துவிட்டது. கிளம்பும் முன் எல்லோரும் ஊருக்குள் கழிப்பறைக்குப் போய்விட்டு வர அரை மணி ஒதுக்குங்கள், பயணத்தையும் நாலு மணி நேரத்துக்குள் முடியுங்கள். முழு நாள் படகு என்பது கேட்கத்தான் நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம் தாங்கும். வாழையிலையோ டப்பாவோ போதும், கொண்டுபோன எதையும் அங்கே போடாமல் திருப்பி எடுத்து வாருங்கள்.

அப்படியும் குளிக்காமல் திரும்புவது மனசு கேட்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கடலோரத்தை விட்டு மன்னார்குடிப் பக்கம் ஏறிவந்தால் வயலுக்கு நடுவே பம்புசெட் ஓடிக்கொண்டிருக்கும். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். சோப்பு போடாதீர்கள், தண்ணீர் நேரே நாற்றுக்குப் போகிறது. மோட்டார் கொட்டகைக்குள் ஈரக்காலோடு போகாதீர்கள். போன முறை நாள் முழுக்கப் படகை விட்டு இறங்க மறுத்த எங்கள் அத்தை, புடவையோடு குழாய்க்கு நேர்கீழே போய் உட்கார்ந்துகொண்டார். இருட்டும் வரை எழுப்ப முடியவில்லை.