கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-வில் நல்லபடியாகப் பசியாற

பெட்டியைப் போட்டதும் நேரே உள்ளே போய்விடாதீர்கள். குடிநுழைவைத் தாண்டிவிட்டால் கடையும் குறைவு, விலையும் கூட. டெர்மினல் 2-இல் கேட்வே பேரங்காடி சோதனைக்கு வெளியேதான் இருக்கிறது. வழியனுப்ப வந்த சொந்தங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடலாம். டெர்மினல் 1-இல் பயணம், கையில் நேரமும் தாராளமாக இருக்கிறது என்றால், ரயிலேறி டெர்மினல் 2-க்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். 3 நிமிடம்தான், கட்டணம் 2 வெள்ளி (ரிங்கிட்).

எந்தக் கடை? கழுத்தில் பாஸ் தொங்க, சீருடையோடு வருகிறவர்கள் எங்கே வரிசை பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். பயணி ஒரு தடவை வந்து போகிறவர். அவருக்கு எதைக் கொடுத்தாலும் கடைக்கு நட்டமில்லை. அங்கேயே வேலை செய்கிறவருக்கு ருசியோ விலையோ ஒத்துவரவில்லை என்றால் மறுநாள் வரமாட்டார்.

ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) கேட்பதற்கு முன் கல்லைப் பாருங்கள். பக்கத்தில் மாவு உருண்டைகள் எண்ணெய் பூசி ஊறிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்ட பிறகு வீசி, மடித்து, கல்லில் போட்டு, எடுத்த சூட்டோடு இரண்டு கையாலும் இரு பக்கமும் அடித்துத் தர வேண்டும். அந்த அடியில்தான் மடிப்பெல்லாம் பிரிந்து பொலபொலவென்று வரும். சுட்டு அடுக்கி வைத்த ரொட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஆறினால் தோல் மாதிரி இழுக்கும்.

நாசி லெமாக் சோறு தேங்காய்ப்பாலில் வெந்தது, சூட்டில் சீக்கிரம் ஊசிப்போகும். அதனால் காலையில் கட்டிய பொட்டலத்தை மத்தியானத்துக்கு மேல் நான் தொடுவதில்லை. அதோடு வரும் மிளகாய்ச் சம்பல் கருஞ்சிவப்பாக, எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். வெளிறிப்போய்த் தண்ணீர் விட்டிருந்தால் மிளகாய் சரியாக வதங்கவில்லை. வயிற்றோடு விமானத்தில் மல்லுக்கட்ட வேண்டிவரும். கலப்புச் சோற்றுக் கடையில், தட்டு நிறையக் குவித்திருக்கும் கறியைவிட, பாதி தீர்ந்து மறுபடி நிரப்பப்படும் கறியே மேல்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நெத்திலியை ஒதுக்கிவிட்டால் மட்டும் நாசி லெமாக் சைவமாகிவிடாது. சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் இருக்கும், அது இறாலில் செய்வது. ரொட்டிக்கும் பருப்புக் குழம்பு மட்டும் போதும், மீன் குழம்பைக் கலக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலர் கேட்காமலே கலந்து ஊற்றுவார்கள்.

தே தாரிக் என்னும் பால் தேநீரைப் பொறுத்தவரை, கண்முன் ஆற்றித் தந்தால் சரி.

அப்புறம், வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவந்தால் அதை வெளியிலேயே சாப்பிட்டு முடியுங்கள். அனைத்துலகப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் விடமாட்டார்கள், சம்பலும் இதில் அடங்கும். இட்லி, சப்பாத்தி, எலுமிச்சைச் சோறு என்றால் உள்ளே கொண்டுபோகலாம்.