அமெரிக்கத் தூர்வாரும் கப்பல் மசோதாவை வாசிப்பது எப்படி?

அமெரிக்கத் துறைமுகங்களைத் தூர்வாரும் பணியில் அயல்நாட்டுக் கப்பல்களையும் அனுமதிக்கும் மசோதா தாக்கலானால், செய்தித் தலைப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அந்நாட்டு நாடாளுமன்ற இணையதளத்தில் மசோதாவின் முழு வாசகமும் கிடைக்கும். அதில் எந்தச் சட்டப் பிரிவு திருத்தப்படுகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள்.

அயல்நாட்டுக் கப்பல்களுக்கான தடையின் வேர் 1906ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் தூர்வாரிச் சட்டம். இன்று அது கப்பல் போக்குவரத்துச் சட்டத் தொகுப்பான 46ஆம் தலைப்பில் 55109ஆம் பிரிவாக இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களுக்குச் சொந்தமானதும், உள்நாட்டுக் கடலோர வணிகத்துக்கான ஒப்புதல் பெற்றதுமான கப்பலே அந்நாட்டு நீர்வழிகளைத் தூர்வாரலாம் என்கிறது அது. பொதுவாக அமெரிக்காவில் கட்டப்பட்ட கப்பலுக்கே அந்த ஒப்புதல் கிடைக்கும். மீறும் கப்பல் பறிமுதலுக்கு உள்ளாகும்.

இங்கே பலரும் தவறவிடும் இடம் அடுத்த பிரிவான 55110. அள்ளிய மண்ணை நாட்டின் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்லவும் அதே ஒப்புதல் தேவை என்று அது விதிக்கிறது. சேற்றை உறிஞ்சித் தன் வயிற்றிலேயே நிரப்பிக்கொண்டு தொலைவில் சென்று கொட்டுவதுதான் ஹாப்பர் வகைக் கப்பலின் வேலை. ஆகவே 55109ஐ மட்டும் தளர்த்தி 55110ஐத் தொடாமல் விடும் மசோதா, அயல்நாட்டுக் கப்பலை மண்ணை அள்ளவிட்டு, அள்ளியதைக் கொட்டவிடாமல் தடுத்துவிடும். என் கருத்தில், ஒரு மசோதா உண்மையான நோக்கத்துடன் எழுதப்பட்டதா என்பதை அறிய இதைவிட நல்ல உரைகல் இல்லை.

பிறகு, எந்த நிபந்தனை நீங்குகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள்: கப்பலைக் கட்டிய இடமா, அது யாருக்குச் சொந்தம் என்பதா, மாலுமிகளின் குடியுரிமையா? அயல்நாட்டில் கட்டிய கப்பலை அமெரிக்க நிறுவனம் வாங்கி, அமெரிக்க மாலுமிகளைக் கொண்டு இயக்க அனுமதிப்பதும், பெல்ஜியக் கப்பல் தன் கொடியுடனும் தன் ஆட்களுடனும் வந்து இறங்குவதும் ஒன்றல்ல. முன்னதில் உள்நாட்டுக் கப்பல் கட்டும் தளங்களே பாதிக்கப்படும், பின்னதில் மாலுமிகளின் பிழைப்பும் கேள்விக்குள்ளாகும். நேட்டோ நாடுகளின் கப்பல்களுக்கு மட்டும் என்பது போன்ற வரம்பு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கப்பல்களின் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பெல்ஜியத்தின் யான் டி நுல் நிறுவனத்தின் கிறிஸ்டோபல் கோலோன் 46,000 கன மீட்டர் மண்ணைக் கொள்ளும். அமெரிக்காவின் பெரிய ஹாப்பர்களுள் ஒன்றான எல்லிஸ் ஐலண்ட் கொள்வது ஏறத்தாழ 11,500 கன மீட்டர். ஆழப்படுத்தும் பெரும்பணிகளில் இந்த வேறுபாடு செலவையும் காலத்தையும் வெகுவாகப் பாதிக்கும்.

இரண்டாண்டுக் கூட்டத்தொடர் முடிந்தால், நிறைவேறாத மசோதா காலாவதியாகி, மீண்டும் வரும்போது புது எண்ணுடன் வரும். எனவே யூட்டா செனட்டர் மைக் லீ போன்றோர் முன்பு கொண்டுவந்தவற்றின் வாசகத்தைச் சேமித்துவைத்து, புதியதை அதனுடன் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.