1783 கடலூர் கடல் முற்றுகையை வரைபடத்தில் நடத்திப் பார்ப்பது எப்படி?

60 செ.மீ. நீளத் தாளில் திரிகோணமலையிலிருந்து சென்னை வரை கரையை வரையுங்கள். அளவு: 1 செ.மீ.க்கு 5 கடல் மைல். கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையைக் கட்டாயம் குறிக்க வேண்டும்.

ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தரைவழியாகக் கடலூரைச் சூழ, ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் 18 போர்க்கப்பல்களோடு கடலை அடைத்து நிற்கிறார். கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. திரிகோணமலையிலிருந்து 15 கப்பல்களோடு வருபவர் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஹியூஸ்தான் ஜெயிக்க வேண்டும். ஆட்டத்தில் அப்படியே முடிந்தால், தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஒரு சுற்று 6 மணி நேரம். 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் கப்பற்படை 5 செ.மீ. நகரும். காற்றை எதிர்த்துப் போக நேர்ந்தால் 1 செ.மீ. மட்டுமே கொடுங்கள். சதுரப்பாய்க் கப்பலால் காற்றுத் திசைக்கு ஏறக்குறைய 67 பாகைக்குள் நெருங்க முடியாது. பக்கவாட்டில் வேறு சறுக்கும். ஜூனில் இரவும் காலையும் மேற்கு, தென்மேற்குக் காற்று. பிற்பகலில் தென்கிழக்குக் கடற்காற்று. அதனால் திரிகோணமலையிலிருந்து வடக்கே வருவது சுலபம். சென்னைக்குப் போன ஹியூஸ் திரும்பி வருவதுதான் பெரும்பாடு: சுமார் 85 கடல் மைலுக்கு நாலைந்து நாள் பிடிக்கும்.

பாய்மர உச்சியிலிருந்து தெளிந்த பகலில் 4 செ.மீ. தூரம் வரை எதிரியின் பாய் தெரியலாம். இரவில் ஒன்றும் தெரியாது.

இனித் தண்ணீர். கப்பலுக்கு 500 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 4.5 லிட்டர் என்று வைத்தாலே 18 கப்பலுக்கு தினம் 40 டன் தீரும். கடலூரில் இருப்பது திறந்த கரை. கப்பல் தள்ளித்தான் நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் பீப்பாய்களைக் கொண்டுவர, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு வேண்டும். ஹியூஸுக்குத் தினமும் 40 டன்னைக் கழியுங்கள். அலை அதிகமான நாளில் நிரப்ப அனுமதிக்காதீர்கள். போதாததற்கு, தொடக்கத்திலேயே 1,000-க்கு மேற்பட்டோர் ஸ்கர்வியில் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) படுத்திருந்தார்கள். அவர்களைப் பீரங்கிக் குழுக்களிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சுஃப்ரானுக்கும் ஆள் பஞ்சம்தான். ஆனால் ஜூன் 17-இல் ஹியூஸ் நங்கூரம் தூக்கி நகர்ந்ததும் அவர் கடலூரை ஒட்டி வந்து நின்று, கோட்டையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டார். கடல் முற்றுகை உடைந்தது அங்கேதான் என்பேன். ஆட்டத்திலும் சுஃப்ரான் கடலூரைத் தொட்டால் இந்த 1,200 பேரை அவருக்குக் கொடுங்கள்.

ஜூன் 20 சண்டையில் கப்பல்களை மூழ்கடிப்பது பலர் செய்யும் தவறு. மேற்குக் காற்றில் சுமார் 3 மணி நேரம் சுட்டுக்கொண்டும் இரு பக்கமும் ஒரு கப்பல்கூடப் போகவில்லை. சேதத்தைப் பாய்மரத்திலும் ஆளிலும் மட்டும் போடுங்கள். பிறகு ஹியூஸின் தண்ணீர் 3 நாளுக்குக் கீழே இறங்கினால் அவர் சென்னைக்குத் திரும்பியே ஆக வேண்டும். சுஃப்ரான் கடன் வாங்கிய ஆட்களைக் கூடுதல் படையோடு கரையில் இறக்கலாம். அதற்காகக் கோட்டைக்கு வெற்றி கொடுத்துவிடாதீர்கள்: ஜூன் 25-இல் பிரெஞ்சுப் படை வெளியே வந்து தாக்கித் தோற்றது. மாதக் கடைசியில் சமாதானச் செய்தி வந்ததும் ஆட்டம் முடியும்.