கொலம்பைன் விதையைப் புதைக்காதீர்கள்

முதல் தடவை கொலம்பைன் என்ற பூச்செடியின் விதையை அரை அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கறுப்பாகப் பளபளக்கும் அந்தப் பொடி விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டுமாம்! இப்போதெல்லாம் ஈர மணலில் கலந்து 3, 4 வாரம் ஃபிரிட்ஜில் வைப்பேன், ஃப்ரீசரில் அல்ல. அப்புறம் மண்மேல் தூவி, விரலால் லேசாக அழுத்துவதோடு சரி. முளைக்க ஒரு மாதம்கூட ஆகலாம்.

காலை வெயிலும் மதிய நிழலும் விழுகிற, தண்ணீர் தேங்காத இடம் போதும். ஆணிவேர்ச் செடி என்பதால் சின்னதாக இருக்கும்போதே இடம் மாற்றிவிடுங்கள். பூ பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான்.

இலையில் வெள்ளைக் கோடு நெளிநெளியாக ஓடினால் உள்ளே புழு இருக்கிறது. மருந்தெல்லாம் வேண்டாம், அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள்.

சில காய்களைச் செடியிலேயே காயவிட்டால் விதை தானாகச் சிந்தி முளைக்கும். நிறம் மட்டும் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று நம்பாதீர்கள்.